பெட்ரோல் நாலு சிலிண்டருக்கும் பொது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் தன் காரைப் பற்றிப் புலம்பியிருந்தார். 2017 மாடல் பெட்ரோல் கார். ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது நடுங்குகிறது, மேடு ஏறினால் இழுக்க மறுக்கிறது, மீட்டரில் மஞ்சள் என்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் டேங்கைக் காலி செய்து வேறு பெட்ரோல் நிரப்பினார்கள். இன்ஜெக்டரைக் கழுவினார்கள், த்ராட்டில் பாடியைக் கழுவினார்கள், நாலு பிளக்கையும் மாற்றினார்கள். பில் 14,600 ரூபாய். நாலாம் நாள் வண்டி மறுபடி நடுங்கியது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை சார்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்களாம். அவரும் அதை நம்பி, எத்தனால் கலப்பை நிறுத்த வேண்டும் என்று கடிதத்தை முடித்திருந்தார்.

நிறுத்துவதா தொடர்வதா என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அவர் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டியபோது "பி 0302" என்று காட்டியதாம். அதைப் படித்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். பி 030 என்று தொடங்கினால் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டர் எரியாமல் தவறுவது. கடைசியில் வரும் 2 என்பது சிலிண்டர் நம்பர். அதாவது வண்டியே வாயைத் திறந்து, எனக்கு இரண்டாவது சிலிண்டரில் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு டேங்கைக் காலி செய்திருக்கிறார்கள்.

டேங்க் ஒன்று. பம்ப் ஒன்று. ஃபில்டர் ஒன்று. சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கிற நாலு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் ஒரே குழாயிலிருந்துதான் பிரிகிறது. பெட்ரோல் கெட்டது என்றால் நாலு சிலிண்டரும் சேர்ந்துதான் தடுமாற வேண்டும். ஒரே பந்தியில் நாலு பேர் உட்கார்ந்து ஒரே சாம்பாரைச் சாப்பிட்டு, ஒருவருக்கு மட்டும் வயிறு வலித்தால் அண்டாவைக் கவிழ்ப்போமா, அவர் வயிற்றைப் பார்ப்போமா? இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளவும். எழுதிப் பழக்கமில்லாதவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

நான் பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருக்கிறேன். 1986இல், பதினாலு வயதில், கோட்டூர் ரோட்டில் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்தேன். அப்போது பட்டறைக்கு வருவது அம்பாசிடர், ஃபியட், எஸ்டேட் ஜீப்புகள். எப்போதாவது ஒரு மாருதி 800 வரும், அதைத் தொட எங்களுக்கே பயமாக இருக்கும். மூன்றே சிலிண்டர், பொம்மை மாதிரி இருக்கும். முதல் இரண்டு வருடம் என் வேலை பெட்ரோலில் நட்டு கழுவுவதும் டீ வாங்கி வருவதும்தான். மூன்றாவது வருடம் ஒரு நாள் மேஸ்திரி ஓடிக்கொண்டிருந்த ஒரு அம்பாசிடரின் முன்னால் என்னை நிறுத்தி, "எத்தனாவது மிஸ் அடிக்குதுன்னு சொல்லு பாக்கலாம்" என்றார். எனக்கு என்ன தெரியும்? நாலும் ஓடுகிற மாதிரிதான் கேட்டது.

அவர் காய்ந்த பனியன் வேஸ்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குக்குப் போகும் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்கினால் என்ஜின் இன்னும் தள்ளாடியது. மாட்டினார். அடுத்ததைப் பிடுங்கினார், அதற்கும் தள்ளாடியது. மூன்றாவதைப் பிடுங்கியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வேலை செய்யறவனை வெளிய அனுப்புனா வீடு தடுமாறும். சும்மா உக்காந்து திங்கறவனை அனுப்புனா ஒண்ணும் ஆகாது. இவன்தான் சும்மா உக்காந்திருக்கறவன்" என்றார். நாற்பது வருடம் ஆகப் போகிறது. வண்டிகள் மாறிவிட்டன. கார்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது, பாயிண்ட்டும் கண்டன்சரும் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. பாயிண்ட் இடைவெளி 15 தௌ (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 15 பங்கு) என்று இன்றைக்குப் பட்டறையில் சொன்னால் பையன்கள் என்னைக் கல்வெட்டைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். ஆனால் அந்த முதல் கேள்வி மாறவில்லை. எத்தனாவது?

மிஸ்ஸிங் என்றால் என்ன என்று வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் சேர வேண்டும், அது நன்றாக அழுத்தப்பட வேண்டும், சரியான நேரத்தில் பிளக்கிலிருந்து நெருப்புப்பொறி விழ வேண்டும். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் அந்தத் தடவை எரியாது. நாலு சிலிண்டர் வண்டி நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங் ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை என்ற கணக்கில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும். அதில் பத்து இருபது தவறினாலே ஸ்டியரிங்கில் தெரியும். முழுக்கவே ஒன்று எரியவில்லை என்றால் சீட்டே ஆடும்.

நடுங்குவதெல்லாம் மிஸ்ஸிங் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்ஜின் மவுண்டிங் ரப்பர் போனாலும் வண்டி நடுங்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் பின்னால் போய்ச் சைலன்சரைக் கேளுங்கள். மவுண்டிங் போன வண்டியின் புகைக்குழாய் ஒரே சீராகப் பேசும். மிஸ் அடிக்கிற வண்டி "டுப் டுப் டுப் புஸ்" என்று நாலாவது தாளத்தில் தப்பும். எங்கள் ஊர் மேளக்காரர்கள் நாலு பேரில் ஒருவர் கள்ளு குடித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

இப்போதைய வண்டிகளில் இந்தத் தாளத்தைக் கம்ப்யூட்டரே கவனிக்கிறது. பிஸ்டன்கள் சுற்றிவிடுகிற கிராங்க் தண்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றும். பல வண்டிகளில் அது 60 பல்லுக்கு அளவெடுத்து, இரண்டு பல்லை விட்டுவிட்டுச் செய்தது, பொக்கை வாய் மாதிரி. அந்தப் பொக்கையை வைத்துத்தான் கிராங்க் எந்த இடத்தில் நிற்கிறது என்று சென்சார் கண்டுபிடிக்கும். சிலிண்டர் எரியும்போது கிராங்க் ஒரு தள்ளு வாங்கி வேகமாகும். எரியாத முறை அந்தத் தள்ளு இல்லாமல் கண நேரத்துக்கு மெதுவாகும். அந்தச் சுணக்கத்தைக் கணக்குப் போட்டுத்தான் 0301, 0302 என்று எழுதி வைக்கிறது. மேஸ்திரி வயரைப் பிடுங்கிக் காதால் கேட்டதை இது பல்லை எண்ணிக் கேட்கிறது. 0300 என்று வந்தால் மட்டும், இன்ன சிலிண்டர் என்று இல்லாமல் மாறி மாறித் தவறுகிறது என்று பொருள். அப்போது நாலுக்கும் பொதுவானதைத் தேடலாம். பெட்ரோல் பிரஷர், எங்காவது காற்று இழுப்பது, டைமிங் செயின் நீண்டிருப்பது என்று பார்க்கலாம். பெட்ரோலைச் சந்தேகப்பட வேண்டிய இடமும் அதுதான். 0302க்கு அல்ல.

சரி, எத்தனால் ஒன்றுமே செய்யாதா என்றால், செய்யும். 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு அறிமுகமானதிலிருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எத்தனாலில் லிட்டருக்குச் சூடு பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படியானால் 20 சதவீதம் கலந்தால் கணக்குக்கு ஆறு ஏழு சதவீதம் குறையும், மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும் என்று வருகிறவர்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிற வண்டியில் இது தொந்தரவு. பழைய டேங்கில் ஒட்டியிருந்த அழுக்கைக் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரை அடைக்கும். பழைய காலத்து ரப்பர் குழாய்கள் ஊறிப் போகும். கார்பரேட்டர் வண்டியில் கலவை இளைத்துப் போய், சோக் இழுக்காமல் காலையில் எழுந்திருக்காது. இன்ஜெக்டர் வண்டியில் சைலன்சர் சென்சாரைப் பார்த்துக் கம்ப்யூட்டரே கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் விட்டுச் சரிக்கட்டிக்கொள்ளும். இதெல்லாம் உண்மை. ஆனால் இவை நாலு சிலிண்டரையும் ஒன்றுபோலத் தொடுகிற விஷயங்கள். கரைந்து வந்த அழுக்கு தப்பித் தவறி ஒரே ஒரு இன்ஜெக்டரில் போய் உட்கார்ந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அவர் வண்டியில் இன்ஜெக்டரைத்தான் கழுவிவிட்டார்களே.

அந்த ஒர்க்‌ஷாப் என்ன செய்திருக்க வேண்டும்? காசே செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. இப்போது பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் அதற்கு மின்சாரம் கொடுக்கிற காயில் ஒன்று தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். பத்தாம் நம்பர் போல்ட் ஒன்று, ஒரு கனெக்டர், அவ்வளவுதான். என்ஜினை அணைத்துவிட்டு இரண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டாவதில் போடுங்கள். ஸ்கேனரில் அந்த கோட் நம்பரை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். 0303 என்று வந்தால் கெட்டது காயில், முடிந்தது கதை. மறுபடி 0302 என்றே வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை அதேபோல் மாற்றிப் போடுங்கள், அப்புறம் இன்ஜெக்டர். மூன்றையும் மாற்றியும் இரண்டிலேயே நின்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கம் என்று மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் பெல்ட் இருக்கிற பக்கம். எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டு மூன்றாகிவிடும், நல்ல காயிலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கெட்டதோடு ஊர் போய்ச் சேர்வீர்கள். என் பட்டறையிலேயே இது நடந்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டறையில் நிற்கும்போது ஒழுங்காக ஓடி, ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடிக்கிற வண்டிகள். மூன்று வருடம் முன்பு வால்பாறை எஸ்டேட் ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். "அண்ணா, கீழ ஓட்டறப்ப தங்கமாட்டம் ஓடுதுங்ணா. மலை ஏறுனா உதறுது" என்றார். இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார். இரண்டு இடத்திலும் ஐட்லிங்கில் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நான் ஸ்பேனரையும் ஸ்கேனரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஆழியாறு செக்போஸ்ட் வரை ஒரு குறையும் இல்லை. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. நாலாவது வளைவில் மூன்றாம் கியரில் மிதித்தபோது வண்டி திக்கியது, விளக்கு மின்னியது. 0304. காரணம் எளிது. மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று நிறைய நுழைகிறது, அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்துக்குள் பொறி தாவ வேண்டுமானால் காயில் அதிக வோல்ட் கொடுக்க வேண்டும். சோனியான காயிலால் அது முடியாது. அல்லது உள்ளே தாவுவதைவிட வெளியே ஓடுவது சுலபம் என்று பொறி பிளக்கின் பீங்கான் மேலாக இறங்கிவிடும். ஐட்லிங்கில் இந்தக் கஷ்டம் கிடையாது, அதனால் தெரியாது. ஒன்பதாவது வளைவில் வண்டிகள் நிறுத்துகிற வியூ பாயிண்ட் இருக்கிறது. அங்கே ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து சூடு ஆறும் வரை நின்றோம். சற்றுத் தள்ளிப் பாறை மேல் இரண்டு வரையாடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றாம் சிலிண்டர் காயிலையும் நாலாம் சிலிண்டர் காயிலையும் மாற்றிப் போட்டேன். பதினான்காவது வளைவு தாண்டுவதற்குள் 0301 என்று வந்தது. அவர் ஸ்கேனரை என் கையிலிருந்து வாங்கி இரண்டு முறை பார்த்தார்.

கீழே வந்து நாலாம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றினால், பீங்கானின் மேலே பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கருப்புக் கோடு. பொறி ஓடிய தடம். காயிலோடு அந்த ஒரு பிளக்கையும் மாற்றினேன். தடம் விழுந்த பிளக்கை விட்டு வைத்தால் புதுக் காயிலின் ரப்பரையும் அது கெடுத்துவிடும். எல்லாம் சேர்த்து 2,450 ரூபாய், மலைக்குப் போய்வந்த பெட்ரோல் அவருடையது.

பிளக்கைக் கழற்றினால் அதைப் படிக்காமல் குப்பையில் போடக் கூடாது என்று பையன்களிடம் அடித்துச் சொல்வேன். கழற்றிய வரிசையிலேயே ஒரு அட்டையில் நிறுத்தி வைக்க வேண்டும். முனை வெளிர் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் அந்த சிலிண்டர் சௌக்கியம். காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், இல்லையென்றால் பொறி போதவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு தாங்காமல் தவிக்கிறது. முனை நன்றாக இருந்து, பிளக் உட்கார்ந்திருந்த குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் டேப்பெட் கவர் பேக்கிங் போய்விட்டது என்று பொருள். அதைச் சரி செய்யாமல் காயிலை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் அந்தப் புதுக் காயிலும் எண்ணெயில் ஊறிப் போகும். உங்கள் வாசகருக்கு நாலு பிளக்கை மாற்றினார்களே, இரண்டாவது பிளக் என்ன நிறத்தில் இருந்தது என்று ஒருவராவது பார்த்தார்களா?

மற்றவர்களையே குறை சொல்லிக்கொண்டு போனால் நியாயமில்லை. நானும் செய்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், கேஸில் ஓடுகிற ஒரு டாக்ஸி வந்தது. ஐட்லிங்கில் மட்டும் மிஸ், ரேஸ் கொடுத்தால் சரியாகிவிடும். கல்யாண சீசன், பட்டறை நிறைய வண்டி. பார்க்காமலே பிளக் என்றேன், மாற்றினேன். போகவில்லை. காயில் என்றேன், நாலையும் மாற்றினேன். அதற்கே 8,000 ரூபாய்க்கு மேல். போகவில்லை. அந்த டிரைவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, தினமும் காலையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மூன்றாவது நாள், தொழிலை விட்டுவிட்டு வீட்டில் இருந்த எங்கள் மேஸ்திரி சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தார். பெஞ்சில் கிடந்த செய்தித்தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சைலன்சர் வாயில் பிடித்தார். உங்கள் பத்திரிகைதான், அன்றைய வரி விளம்பரப் பக்கம். காகிதம் வெளிப்பக்கமாகப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் நாலைந்து அடிக்கு ஒரு முறை சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. "வால்வு மூடலடா. கம்ப்ரஷன் பாத்தியா?" என்றார். பார்த்திருக்கவில்லை. கேஜைச் செருகிப் பார்த்தால் மற்ற மூன்று சிலிண்டரும் 170 பி.எஸ்.ஐ.க்குப் பக்கத்தில் நிற்கிறது, மூன்றாவது சிலிண்டர் மட்டும் 95. ஒரு ஸ்பூன் ஆயில் உள்ளே ஊற்றி மறுபடி பார்த்தேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அடைத்துக்கொண்டு ரீடிங் ஏறும். ஏறவில்லை. டேப்பெட் கவரைத் திறந்து எக்ஸாஸ்ட் வால்வில் ஃபீலர் கேஜ் விட்டால், இருப்பதிலேயே மெல்லிய தகடுகூட நுழையவில்லை.

கேஸ் வறட்சியாக எரியும். வால்வு உட்காரும் இடம் அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், வால்வு மேலேறும், இருக்க வேண்டிய இடைவெளி ஒன்றுமில்லாமல் போகும். அப்புறம் வால்வு முழுதாக மூடாது. மெதுவாகச் சுற்றும்போது அந்த இடுக்கு வழியே அழுத்தம் கசிந்துவிடும். வேகமாகச் சுற்றும்போது கசிய நேரம் இருக்காது. ரேஸ் கொடுத்தால் சரியானதற்கு இதுதான் காரணம், நான்தான் யோசிக்கவில்லை. நான் இழுத்தடித்த மூன்று நாளில் வால்வு கெடவில்லை, முன்பே விளிம்பு கருகியிருந்தது, ஆனால் முதல் நாளே பார்த்திருந்தால் அந்த மனிதருக்கு இரண்டு ஓட்டம் மிஞ்சியிருக்கும். ஹெட்டை இறக்கி வால்வை மாற்றினேன். புதுக் காயில்களைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டி, அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். நாலு காயிலும் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. அந்த மாடல் வண்டி வந்தால் மாற்றிப் பார்க்க உதவுகிறது.

கேஸ் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வால்வு இடைவெளியை (டேப்பெட் இடைவெளி என்போம்) ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்தச் செலவு வராது. எங்கள் பக்கத்தில் இன்னொரு கூத்து எலி. தென்னந்தோப்புக்குள் வீடு, வண்டி இரவில் தோப்பிலேயே நிற்கும். என்ஜின் சூட்டுக்கு எலி வந்து படுத்துக்கொண்டு, பொழுது போகாமல் இன்ஜெக்டர் வயரைக் கடிக்கும். காலையில் வண்டி மிஸ். ஒரு முறை காயில், பிளக், இன்ஜெக்டர் எல்லாம் சரியாக இருந்து, வயரைத் தடவிக்கொண்டே போனபோதுதான் கையில் தட்டுப்பட்டது. ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. குலுங்கினால் தொடும், குலுங்காவிட்டால் தொடாது. இன்ஜெக்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் போதும். டிக் டிக் என்று கேட்க வேண்டும். நாலில் ஒன்று மௌனமாக இருந்தால் அங்கே போய்ப் பாருங்கள். விசிறி பெல்ட் பக்கம் தலையைக் கொண்டுபோகாதீர்கள்.

வாசகருக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது அந்த மின்னுகிற விளக்கு. மஞ்சள் விளக்கு நின்று எரிந்தால் வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பட்டறைக்கு வரலாம். மின்னினால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சருக்குள் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிகிறது. அதன் உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. அந்தச் சூட்டில் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். அப்புறம் நாலு சிலிண்டரும் மூச்சு விட முடியாமல் தவிக்கும், வண்டி சுத்தமாக இழுக்காது. 2,000 ரூபாய்க் காயிலில் முடிய வேண்டியது அதைப்போலப் பல மடங்கில் போய் நிற்கும். இதனால்தான் மேஸ்திரி காலத்து வயர் பிடுங்கும் வித்தையை இப்போதைய வண்டிகளில் செய்யக் கூடாது என்கிறேன். காயிலைப் பிடுங்கினால் பெட்ரோல் எரியாமல் கன்வெர்ட்டருக்குப் போகும். சோதித்தே ஆக வேண்டுமென்றால் இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்குங்கள், பெட்ரோலே வராது. இரண்டு வாரமாக விளக்கு மின்ன மின்ன ஓட்டுகிறேன் என்று அவர் எழுதியிருந்ததைப் படித்தபோது அவர் ஊருக்கு பஸ் ஏறிவிடலாமா என்றே தோன்றியது.

என் தொழிலில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பில்லில் என்ன மாற்றினோம் என்று எழுதுகிறோம். எதைப் பார்த்து மாற்றினோம் என்று ஒரு வரி எழுதினால் என்ன? "காயில் 2ஐ 3க்கு மாற்றினேன், கோட் நம்பரும் 3க்கு மாறியது" என்று எழுத அரை நிமிடம் ஆகாது. கழற்றிய சாமானை ஒரு கவரில் போட்டு வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். போன வருடம் ஒரு டீச்சரம்மா, "எதை வச்சு காயில்னு சொல்றீங்க?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பது வருடத்துக்குப் பக்கமாகத் தொழில் செய்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? அப்புறம் அவர் முன்னாலேயே காயிலை மாற்றிப் போட்டுக் காட்டினேன். கோட் நம்பர் நகர்ந்ததும் அவர் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் பள்ளிக்கூடத்து வண்டிகள் மூன்று என்னிடம் வருகின்றன.

அந்த வாசகரின் ஊரில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் கிடைக்காமல் போகாது. என்ஜின் ஆறிய பிறகு இரண்டையும் மூன்றையும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். கனெக்டர் பூட்டை அமுக்கிவிட்டு இழுக்க வேண்டும், முரட்டுத்தனமாக இழுத்தால் பிளாஸ்டிக் உடையும், பழைய வண்டியில் அது மொறுமொறுவென்று இருக்கும். கோட் நம்பர் மூன்றுக்குப் போனதா, இரண்டிலேயே நின்றதா என்று உங்களுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால் தயவு செய்து பிரசுரியுங்கள். வால்பாறை பஸ் போனதும் பேப்பரில் நான் முதலில் திருப்புவது இந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
பொள்ளாச்சி.